குடிலுக்கு எதற்குப் பத்துக் கதவு? வைட் தீவின் மரப்பெட்டிகள் மறுபடி ஓடிய கதை

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே கிடக்கிறது வைட் தீவு. அதன் கிழக்கு முனையில், செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரை ஒட்டி, டூவர் எனப்படும் மணல்திட்டு ஒன்று உண்டு. அங்கே வரிசையாகக் கடற்கரைக் குடில்கள். கோடையில் வருகிறவர்கள் நாற்காலியும் துண்டும் தேநீர்ச் சாமானும் போட்டுவைக்கிற மரக்குடில்கள்தான். ஆனால் அவற்றில் சிலவற்றின் முகப்பைப் பார்த்தால் கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல் என்று வந்துகொண்டே இருக்கும். இத்தனை சின்னக் குடிலுக்கு இத்தனை வாசல் எதற்கு?

ரயில் பெட்டிகள் அவை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு மணலில் இறக்கி வைத்தவை.

இந்தத் தீவில் இப்படி இறக்கி வைக்கப்பட்ட பெட்டிகளில் சில, பல பத்தாண்டுகள் கழித்து மறுபடி தண்டவாளம் ஏறின. ஏற்றியவர்கள் ஹேவன்ஸ்ட்ரீட் நிலையத்தில் உள்ள வைட் தீவு நீராவி ரயில்வேயின் பணிமனைக்காரர்கள். அதில் பெரும்பகுதி சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பிரிட்டனில் பழைய ரயில் ஓட்டும் பாதைகள் ஏராளம். எழுத இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இவர்கள் எடுத்த ஒரே ஒரு தொழில்நுட்ப முடிவு. அசலில் எதையும் மாற்றக் கூடாது என்று தூய்மை பேசுகிறவர்கள் இன்றும் முகம் சுளிக்கக்கூடிய முடிவு. என் பார்வையில் இந்தத் துறையில் எடுக்கப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்று.

பழசு வாங்கியே பிழைத்த தீவு

தீவில் முதல் ரயில் பாதை 1862இல், கௌஸ் துறைமுகத்துக்கும் நியூபோர்ட்டுக்கும் இடையே வந்தது. பிறகு சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. பெருநிலத்தோடு தண்டவாளத் தொடர்பு கிடையாது; எஞ்சினோ பெட்டியோ எதுவானாலும் கப்பலில்தான் வர வேண்டும். குட்டிக் கம்பெனிகளிடம் புதுசு வாங்கக் காசும் இல்லை. லண்டன் பக்கம் ஓடித் தேய்ந்தவற்றை வாங்கி ஓட்டினார்கள். 1923இல் எல்லாம் தென் இங்கிலாந்தின் பெரிய கம்பெனியான சதர்ன் ரயில்வேக்குள் போனபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. லண்டன், சாத்தம் அண்ட் டோவர் ரயில்வே ஓட்டி முடித்த நான்கு சக்கரப் பெட்டிகளை சதர்ன் தீவுக்கு அனுப்பிவைத்தது. 1930களில் அவற்றுக்கும் வயதாகிவிட, கொஞ்சம் நவீனமான போகிப் பெட்டிகள் (இரு முனையிலும் திரும்பக்கூடிய சக்கரத் தாங்கிகள் கொண்ட நீளப் பெட்டிகள்) வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. அந்த “நவீனங்களும்” பெருநிலத்தில் கழித்துக் கட்டப்பட்டவைதான்.

(தீவின் குணம் மாறவே இல்லை. 1938 மாதிரி லண்டன் பாதாள ரயில் பெட்டிகளை இங்கே பயணிகளுக்கு அன்றாடம் ஓட்டியது எது வரை தெரியுமா? 2021 ஜனவரி வரை.)

கழித்துவிட்ட நான்கு சக்கரப் பெட்டியை என்ன செய்வது? சக்கரம், அச்சு, அதிர்வு தாங்கும் வில், பெட்டிகள் மோதும் அதிர்ச்சியைத் தாங்கும் பஃபர் எல்லாம் இரும்பு. பழைய இரும்புக்கு விலை உண்டு. மேலே இருக்கிற மரக்கூட்டுக்கு விறகு விலைகூடக் கிடைக்காது. எடுத்துப்போகிறவன் செலவிலேயே எடுத்துப்போகட்டும் என்று சொற்பப் பணத்துக்குத் தள்ளிவிடுவார்கள். வாங்கியவர் தோட்டத்தில் வைத்தால் சாமான் அறை, கோழிக் கூண்டு. கடற்கரையில் வைத்தால் கோடைவீடு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் தென்கரை முழுக்கவே இந்தப் பழக்கம் இருந்தது. ஷோரம் கடற்கரையில் ஒரு குடியிருப்பே இப்படி எழுந்தது. பேகமில் இன்றும் சில வீடுகளுக்குள் ரயில் பெட்டி ஒளிந்திருக்கிறது.

கோழி வளர்த்தவர் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். ரயில்வேயிடமே இருந்திருந்தால் எரித்திருப்பார்கள்.

1966இலிருந்து 1971 வரை

1950களில் தீவின் கிளைப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1963இல், பிரிட்டன் முழுக்க நஷ்டப் பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கை மிச்சத்துக்கும் குறி வைத்தது. ரைடிலிருந்து நியூபோர்ட் வழியாகக் கௌஸ் போகும் பாதையில் 1966 பிப்ரவரி 21 முதல் பயணி ரயில் இல்லை. ரைட் – ஷாங்க்ளின் துண்டு மட்டும் பிழைத்தது. அதிலும் 1966 டிசம்பர் 31உடன் நீராவி முடிந்து, மறு ஆண்டில் மின்சார ரயில் வந்தது.

அதே 1966இல் சில இளைஞர்கள் சேர்ந்து வைட் லோகோமோட்டிவ் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ஓர் எஞ்சினைக் காப்பாற்றுவதுதான் அப்போதைய ஆசை. 1891இல் கட்டப்பட்ட “கால்போர்ன்” கிடைத்தது. கூடவே சில போகிப் பெட்டிகளும். அவற்றை நியூபோர்ட்டில் நிறுத்தினார்கள். அந்த நிலையமும் பாதையும் பிடுங்கப்படப் போகின்றன என்று தெரிந்ததும், 1971 ஜனவரி 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருந்ததையெல்லாம் கால்போர்னே இழுத்துக்கொண்டு ஹேவன்ஸ்ட்ரீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தண்டவாளத்தில் ஓடிய கடைசி ரயில்கள் அவைதான். பின்னர் ஹேவன்ஸ்ட்ரீட் – வூட்டன் இடையே ஓட்டத் தொடங்கினார்கள். 1991இல் பாதை கிழக்கே ஸ்மால்புரூக் சந்திப்பு வரை நீண்டு, ஐந்தரை மைல் ஆனது.

பாதை நீண்டால் பெட்டி வேண்டும். மற்றப் பாதைகள் இதற்கு ஒரே வழியைத்தான் பிடித்தன: பிரிட்டிஷ் ரயில்வே 1950களில் தொடங்கிக் கட்டித்தள்ளிய மார்க் 1 பெட்டிகள். மலிவு, ஒரு பெட்டியில் 64 பேர், கழிப்பறை, பெட்டிக்குள் நடந்துபோக நடுவழி எல்லாம் உண்டு. 16 மைல் நீளமுள்ள செவர்ன் வேலி போன்ற பாதைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் மார்க் 1 வைட் தீவில் ஓடியதில்லை. ஹேவன்ஸ்ட்ரீட்காரர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள்; தீவின் தோட்டங்களை எட்டிப் பார்த்தார்கள்.

கூடு இருக்கிறது, கால் இல்லை

தோட்டத்தில் கிடைப்பது மேற்கூடு மட்டும். அதைத் தாங்கும் அடிச்சட்டம் 1930களிலேயே உடைந்து காயலான் கடைக்குப் போயாயிற்று. அசல் அடிச்சட்டம் எப்படி இருந்தது என்பதற்குப் படங்கள் உண்டு. மரமும் இரும்பும் கலந்த சட்டம். அதன் கீழே மான்செல் சக்கரம். சவுத் ஈஸ்டர்ன் ரயில்வேயின் ஆஷ்ஃபோர்ட் பணிமனையில் பெட்டிப் பிரிவுத் தலைவராக இருந்த ரிச்சர்ட் மான்செலின் கண்டுபிடிப்பு அது. இரும்பு வளையத்துக்கும் நடுக்குடத்துக்கும் இடையே ஆரக்கால் கிடையாது. 16 தேக்குத் துண்டுகள் ஆப்புபோல் நெருக்கி அடுக்கியிருக்கும். மரம் அதிர்வை விழுங்கிவிடுவதால் சத்தம் குறைவு. அப்படி ஒரு சக்கரத்தை இன்று புதிதாகச் செய்து, பயணிகளை ஏற்ற அனுமதி வாங்குவது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை.

ஆக, அசலுக்காகக் காத்திருந்தால் கூடு கொட்டகையிலேயே மக்கிப்போகும். இல்லாவிட்டால் காலை வேறெங்கோ தேட வேண்டும்.

தேடினார்கள், கிடைத்தது. சதர்ன் ரயில்வேயின் நான்கு சக்கரப் பார்சல் வேன்கள். சாமான்களை வேகமாக ஓடும் பயணி ரயிலோடு சேர்த்து இழுப்பதற்காகக் கட்டியவை என்பதால், சரக்கு வண்டியைவிட மென்மையான வில்லும் நல்ல சக்கரமும் உடையவை. அடிச்சட்டம் முழுக்க எஃகு. பிரிட்டிஷ் ரயில்வே 1980களில் அவற்றைக் கழித்துவிட்டது. கூடு நீளம் 32 அடி, அச்சுக்கும் அச்சுக்கும் இடைவெளி 21 அடி.

விக்டோரியா காலத்து நான்கு சக்கரப் பெட்டி இதைவிடக் குட்டை. இரண்டு ஓரத்தையும் மட்டும் நறுக்கினால் நீளம் சரியாகும்; ஆனால் சக்கரங்கள் பெட்டியின் இரு நுனியிலும் ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்காது. ஆகவே அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்கி, அச்சு இடைவெளியையும் குறைத்து, மறுபடி இணைக்க வேண்டும். நீளச் சட்டங்கள் இரண்டும் இம்மி பிசகாமல் நேராக வந்தாக வேண்டும். கோணினால் சக்கரம் தண்டவாளத்தில் சமமாக உட்காராது. பிறகு பிரேக். பார்சல் வேனில் இருந்தது வெற்றிடத்தால் இயங்கும் வாக்குவம் பிரேக். தீவில் வெகுகாலமாகவே வெஸ்டிங்ஹவுஸ் காற்றழுத்த பிரேக்; கால்போர்னின் பக்கவாட்டில் “டுக், டுக்” என்று அடித்துக்கொள்ளும் பம்ப் அதற்குத்தான். எனவே சிலிண்டர், குழாய், தண்டுகள் எல்லாம் மாற வேண்டும். அதன் பிறகு ஏறிறங்கும் நீள மரப்படி, பழைய பாணிப் பஃபர் முகம் என்று வெளியே தெரிகிற சங்கதிகள்.

சுருங்கச் சொன்னால், 1880களின் மரக்கூட்டை அதற்கு அரை நூற்றாண்டு இளைய எஃகுக் காலில் ஏற்றினார்கள். ஒரு பெட்டிக்குச் செய்து பார்த்துத் தேறியதும் அதுவே முறையாகிவிட்டது. வெட்டும் அளவு, பிரேக் வரைபடம், ஆணிவரை அடுத்த பெட்டிக்குக் கையில் தயார். இதைத்தான் புத்திசாலித்தனம் என்றேன். ஒரே ஒரு பெட்டியை அற்புதமாகச் சீரமைத்துக் காட்சிக்கு வைக்கும் குழுக்கள் நிறைய உண்டு. ஒரு முழு ரயிலையே இப்படிச் சேர்ப்பது வேறு விளையாட்டு.

மரம் சொல்வதைக் கேட்பது

கூட்டின் கதை நிதானமானது. வீட்டுக்குள் புதைந்த பெட்டி பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். காரணம் எளிது: குடியிருந்தவர்கள் மழை ஒழுகாமல் இருக்கப் பெட்டிக்கு மேலே தகரத்திலோ ஓட்டிலோ சாய்கூரை போட்டிருப்பார்கள். முன்னால் தாழ்வாரம் இழுத்திருந்தால் அந்தப் பக்கத்துப் பலகை போட்ட பெயிண்டோடு அப்படியே இருக்கும். வெயிலும் மழையும் பட்ட பக்கம் போயிருக்கும். எப்போதும் போய்விடுவது அடிப்பகுதிதான். மண்ணில் பதிந்த கீழ்ச்சட்டம் கையால் அள்ளும் பதத்துக்கு மக்கிவிடும்.

முதல் வேலை, எதையும் தொடாமல் படமெடுப்பது, அளப்பது. அடுத்து பெயிண்டைச் சுரண்டுவது. அடுக்கடுக்காக இருக்கும், பழைய அடுக்குகளில் ஈயம் உண்டு, அதனால் முகமூடி கட்டாயம். தேய்த்துக்கொண்டே போனால் ஏதோ ஓர் அடுக்கில் மங்கலாக ஓர் எண் தெரியும், அல்லது கதவில் “3” என்று வகுப்பு. அதுவரை பெயர் தெரியாமல் கிடந்த பெட்டிக்கு அந்த எண்தான் பிறப்புச் சான்று. உள்ளே தடுப்புச் சுவரும் இருக்கையும் பெரும்பாலும் இருக்காது. குடியிருந்தவர்கள் ஹால் வேண்டுமென்று எடுத்திருப்பார்கள். ஆனால் தரையிலும் கூரையிலும் திருகு பதிந்த துளைகளும் நிறம் மாறிய கோடுகளும் இருக்கும். தடுப்பு எங்கே இருந்தது, இருக்கை எந்த உயரம், தலைக்குமேல் வலைத்தட்டு எங்கே மாட்டியிருந்தது எல்லாவற்றையும் அந்தத் துளைகளை வைத்தே கணிக்கிறார்கள்.

பிறகு தச்சு. மக்கிய சட்டத்தை முழுசாக எடுக்காமல், கெட்ட இடம்வரை வெட்டி, புது மரத்தைக் கழுந்தும் துளையுமாகச் சேர்த்து ஒட்டுவது முதல் விருப்பம். தூண்கள் நேராக நிற்கிறதா, கூடு நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஜாக்கி கொடுத்து மெல்ல மெல்ல நிமிர்த்துவார்கள். நூறு வருடம் வளைந்து பழகிய மரம் ஒரே நாளில் நிமிராது, அவசரப்பட்டால் விரிசல்தான். கூரைக்குப் பலகை அடித்து, மேலே கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டிப் பெயிண்ட் பூசி நீர்புகாமல் ஆக்குவது பழைய முறை. ஜன்னலை இறக்க ஏற்றத் தோல்வார். துளை போட்ட அந்த வாரைப் பித்தளைக் குமிழில் மாட்டி வேண்டிய உயரத்தில் ஜன்னலை நிறுத்தலாம்.

எல்லாவற்றிலும் பொறுமையைச் சோதிப்பது கதவு. ஐந்து அறை கொண்ட மூன்றாம் வகுப்புப் பெட்டி என்றால் பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் பத்துக் கதவு. பத்தும் ஒரே அளவு என்று நினைத்தால் தப்பு. ஒவ்வொன்றும் தன் வாசலுக்கென்று இழைக்கப்பட்டது. ஒன்றை எடுத்து அடுத்த வாசலில் மாட்ட முடியாது. கூடு அடிச்சட்டத்தில் உட்கார்ந்து பாரம் இறங்கியபின் வாசல்கள் மறுபடி கொஞ்சம் மாறும். அதனால் முன்னாலேயே செய்துவைத்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. மாட்டுவது, இடைவெளி பார்ப்பது, கழற்றுவது, இழைப்புளியால் ஒரு சீவு, மறுபடி மாட்டுவது. பயணி வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு இது. ஓடும்போது திறந்துகொண்டால் உயிர்ப் பிரச்சினை. அழகுக்காக மட்டும் இந்தப் பாடு படவில்லை.

நிறம் என்ன பூசுவது என்ற சர்ச்சை எல்லாப் பணிமனையிலும் வரும். சாத்தம் கம்பெனிக் காலத்தில் வார்னிஷ் பூசிய தேக்கு நிறத்தில் ஓடிய பெட்டி அது. அப்படியே திரும்பக் கொண்டுவரலாமே என்று ஆசைப்படலாம். ஆனால் அந்தக் கோலத்தில் அது தீவில் ஓடியதே இல்லை. தீவு மக்களுக்குத் தெரிந்தது சதர்ன் பச்சை. எந்த ஆண்டுக்குத் திருப்புகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டுதான் தூரிகையைத் தொட வேண்டும். இங்கே தீவின் கதைக்கே முதலிடம் கொடுத்தது எனக்குச் சரியாகப் படுகிறது.

இது அதே பெட்டிதானா?

கால் வேறு, சட்டத்தில் பாதி புது மரம், விளக்கு மின்சாரம். அப்புறம் எதற்கு 1880களின் பெட்டி என்று சொல்ல வேண்டும்? அருங்காட்சியகக்காரர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. ஒரு பெட்டியைத் தொடாமல் பாதுகாத்தால் அதன் ஒவ்வொரு ஆணியும் ஆவணம். ஓட்ட வேண்டும் என்று முடிவெடுத்த மறு நிமிடமே அந்த ஆவணத்தைத் திருத்தத் தொடங்குகிறோம். மறுப்பதற்கில்லை.

ஆனால் திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்கிறேன். இரும்பு அச்சு, இரும்புச் சக்கரம், திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக். அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று வீதியில் வடம் பிடிக்கும் யாரும் சொல்வதில்லை. ஓடுவதற்காகவே பிறந்த பொருளுக்கு ஓட்டமும் ஒரு பாதுகாப்பு முறைதான். ஓடும் பெட்டியைத்தான் வாரம் தவறாமல் யாரோ ஒருவர் குனிந்து பார்க்கிறார். நிற்கும் பெட்டியின் அடியில் ஈரம் ஏறுவது யாருக்கும் தெரிவதில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: எது பழசு, எது புதுசு என்று எழுதிவைத்தாக வேண்டும். அதைச் செய்யாத பணிமனை எவ்வளவு அழகாக வார்னிஷ் அடித்தாலும் எனக்கு ஒப்பாது.

இந்த வழியில் வைட் தீவுதான் முதல் என்று சொல்ல வரவில்லை. தன்னார்வலர் ஓட்டிய உலகின் முதல் ரயில்வே, வேல்ஸில் உள்ள டாலிலின். 1950இல் பர்மிங்காமில் கூடிப் பேசி, 1951 மே மாதம் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களும் கோபோவன் என்ற ஊரில் ஒரு தோட்டத்தில் கிடந்த கோரிஸ் ரயில்வே பெட்டியை மீட்டு, 1960களின் தொடக்கத்திலேயே ஓடவிட்டார்கள். அங்கே அசல் பெட்டிகளும் கைவசம் இருந்தன. தோட்டத்துப் பெட்டி கூடுதல் வரவு. ஹேவன்ஸ்ட்ரீட்டில் அதுவே ரயிலின் முக்கியப் பகுதி.

ஆள், கொட்டகை, சட்டம்

எஞ்சினுக்கு நன்கொடை வரும். படமெடுக்க ஆள் வரும், பெயர்ப்பலகையைத் தொட்டுப் பார்க்கக் குழந்தை வரும். பெட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கியவர் உட்காருவது எஞ்சினில் இல்லை, பெட்டியில். மரக்கூடும் கேன்வாஸ் கூரையுமான பெட்டி வெட்டவெளியில் நின்றால், பத்து வருட வேலையைச் சில மழைக்காலம் தின்றுவிடும். எனவே பெட்டிச் சீரமைப்பில் முதல் கருவி கூரை. வைட் தீவு ரயில்வே 2014இல் திறந்த “டிரெயின் ஸ்டோரி” கூடம் பெயரளவில் காட்சியகம். அதன் பெரிய பயன், பெட்டிகள் நனையாமல் நிற்க இடம் கிடைத்தது. பார்க்க வருகிறவர்களும் அங்கே ஏறி இறங்கிப் பார்க்கலாம்.

ஆட்கள் விஷயம் அவ்வளவு சௌகரியமாக இல்லை. பிரிட்டன் முழுக்க இத்தகைய பணிமனைகளில் ஓய்வு பெற்றவர்களே அதிகம். வார நாளில் வந்து போகிற நேரம் அவர்களுக்குத்தான் இருக்கிறது. தச்சர், மெத்தை தைப்பவர், வண்ணம் தீட்டுபவர் என்று ஒரு கைத்தொழிலைப் பிழைப்பாகச் செய்தவர்கள் குறைந்துகொண்டே வர, பணிமனைக்கு வந்துதான் உளி பிடிக்கவே கற்கிறார்கள். சிறுவர்களை இழுக்கலாம் என்றால் குறுக்கே 1920ஆம் ஆண்டின் ஒரு சட்டம் நின்றது. தொழிற்கூடங்களில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற நல்ல நோக்கமுள்ள சட்டம். ரயில்வேயும் அதன் பட்டியலில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குப் பித்தளை துடைக்க வருகிற பையனுக்கும் அது பொருந்துமோ என்ற அச்சம் பாரம்பரிய ரயில்வேகளை நெடுநாள் ஆட்டிவைத்தது. நாடாளுமன்றம்வரை பேச்சு போயிற்று. சுரங்கத்திலிருந்து குழந்தையைக் காத்த சட்டம் கடைசியில் துடைப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டது.

குறைகளும் உண்டு. அறை அறையாகப் பிரித்த பெட்டியில் நடுவழி கிடையாது. சக்கர நாற்காலி நுழையாது. கழிப்பறை இல்லை, ஐந்தரை மைல் பயணம் என்பதால் சமாளிக்கிறார்கள், இருபது மைல் என்றால் இந்த மாதிரி நடக்காது. மரக்கூட்டுக்கு மோதலைத் தாங்கும் வலு எஃகுப் பெட்டிக்கு உள்ளதுபோல இருக்காது. 1915இல் குயின்டின்ஷில் விபத்தில் எரிவாயு விளக்கு மாட்டிய மரப்பெட்டிகள் தீப்பிடித்து 200க்கு மேற்பட்டோர் இறந்தது ரயில்காரர்கள் மறக்காத பாடம். இத்தகைய பாதைகளில் வேகம் மணிக்கு 25 மைலைத் தாண்டக் கூடாது என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

இனி வரும் சிக்கல் வேறு மாதிரி. பழைய கடற்கரை வீடுகளை இடித்துப் புது வீடு கட்டுகிற காலம் இது. சுவர்ப் பலகையைப் பெயர்க்கும்போதுதான் உள்ளே ஒரு ரயில் பெட்டி இருப்பது தெரியவரும். ஒப்பந்தக்காரருக்கு அது சில நாளில் அகற்ற வேண்டிய குப்பை. எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டு அழைப்பு வரும்போது பணிமனைக்காரர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் வயதையோ கம்பெனியையோ இல்லை. கொட்டகையில் ஒரு பெட்டி நீளத்துக்கு இடம் இருக்கிறதா, வெட்டிக் குறுக்க இன்னொரு பார்சல் வேன் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்றுதான். இல்லையென்றால் கதவுகள், கைப்பிடிகள், ஜன்னல் சட்டங்களை மட்டும் கழற்றிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். அப்படிக் கழற்றி வந்த கதவை வேறொரு பெட்டியின் வாசலில் வைத்துப் பார்த்தால், சொல்லவே வேண்டாம், பொருந்தாது. இழைப்புளியை எடுக்க வேண்டியதுதான்.